அவன் குணம் அப்படி

என் தம்பிக்கு 34 வயது. வலிப்பு உண்டு. அறிவு ஆறேழு வயதோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. பேச்சு என்று கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு சொல் தேறும்: 'ம்மா', 'தா', 'போ', 'பஸ்ஸு', இப்படி. பன்னிரண்டு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருடம் மேடையில் காலம் தள்ளியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் மெடிக்கல் போர்டுக்குக் கூட்டிப் போனதில்லை.

போன ஆடியில் அவன் அடிக்க ஆரம்பித்தான். சோற்றுத் தட்டை எறிந்தான். ஊட்டப் போன அம்மாவின் முன்கையைக் கடித்தான். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து சுவரில் தலையை முட்டினான். தன் இடது கன்னத்தில் தானே பளார் பளாரென்று அறைந்துகொண்டான். அதற்கு முன் அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவதுதான் அவன் உத்தியோகம். டிரைவர்களில் பாதிப் பேர் ஹார்ன் அடித்துப் பதில் சொல்வார்கள்.

ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது: "அவன் குணம் அப்படி." எதிர்வீட்டு அக்கா நாள்காட்டியைப் பார்த்து, அமாவாசை நெருங்குகிறது என்றாள். பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வயசுக் கோளாறும்மா. வசதியில்லாத வீட்டுப் பொண்ணாப் பார்த்து ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையி. எல்லாம் சரியாப் போயிரும்." யாருக்குச் சரியாகப் போகும் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு மூன்று வேளைச் சோறு கிடைக்குமே என்றார். இதே பெரியப்பாதான், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் கூடப்பிறந்தவனுக்கு வலிப்பு என்பதை மூச்சுவிடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியவர். இந்துத் திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக உட்கார்ந்திருந்த வலிப்பை 1999இல் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு அந்த கெஜட் இன்னும் வந்து சேரவில்லை.

சரி, தெரு படிக்காதது. படித்தவர்களிடம் போனோம்.

நரம்பு டாக்டரின் அறையில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். ஒன்றரை நிமிடம் ஃபைலுக்கு, அரை நிமிடம் எனக்கு. தம்பிக்கு மிச்சம் இல்லை. "ஃபிட்ஸ் எப்படி?" "மாசத்துக்கு ஒண்ணு சார். ஆனா இப்ப அடிக்கிறான், கடிக்கிறான்." "ஃபிட்ஸ் கண்ட்ரோல்ல இருக்கு. அடிக்கிறது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல." மனநல டாக்டரிடம் போனோம். "எம்ஆர் கேஸா?" என்றார், தலை நிமிராமல். மென்டல் ரிட்டார்டேஷன் என்பதன் சுருக்கம். ஆமாம் என்றேன். "அப்ப பிஹேவியர் பிராப்ளம் இருக்கத்தானே செய்யும்" என்று ஒரு மாத்திரை எழுதினார். ஏன் இந்த மாதம் ஆரம்பித்தது, ஏன் போன மாதம் இல்லை என்று அவர் கேட்கவில்லை. எம்ஆர் என்றால் மாதக் கணக்கு கிடையாது போலிருக்கிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பும் சேர்ந்து இருக்கிறது. காணக் கிடைக்காத சேர்க்கை ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவத்தில் எப்போதோ ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்திருக்கிறது. மூளையின் மின்சாரம் மூத்தவருக்கு, மூளையின் கோபம் இளையவருக்கு. வயிறு, காது, பல் எல்லாம் புறம்போக்கு. அங்கே என்ன நடந்தாலும் பட்டா யார் பெயரிலும் இல்லை.

இந்த மாத்திரைகளின் சங்கதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்கு லெவெட்டிரசெட்டம் ஆரம்பித்தார்கள். வலிப்புக்கு நல்ல மருந்து, மறுக்கவில்லை. சிலருக்கு அது எரிச்சலையும் ஆத்திரத்தையும் கிளப்பிவிடும் என்பது நரம்பு மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்த சேதி. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளிலும் எறும்பு எழுத்தில் அது அச்சாகியிருக்கிறது. எங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் வீட்டில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. அந்தத் தாளை அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியில் வாசித்து, நரம்பு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு மருந்தை மாற்றி எழுதினார். அந்த மூன்று வாரமும் ஃபைலில் எப்படிப் பதிவானது தெரியுமா? 'நோயாளியின் முரட்டுத்தனம் அதிகரித்துள்ளது.' மாத்திரையின் முரட்டுத்தனத்தை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

இந்த முறை ஆடியில் ஆரம்பித்த புது மாத்திரை குளோர்ப்ரோமசின். ஆளை அடக்கும். கூடவே வலிப்பு வருகிற வாசற்படியைத் தாழ்த்தியும் விடும். மாதத்துக்கு ஒன்று என்றிருந்த வலிப்பு வாரத்துக்கு ஒன்று ஆனது. வலிப்பு முடிந்த பிறகு அவனுக்கு அரைமணி நேரம் யார், எங்கே, என்ன என்று எதுவும் புரியாது. அந்த நேரத்தில் யாராவது பிடித்தால் திமிறுவான், கை ஓங்குவான். கை ஓங்கியதற்காக மாத்திரையைக் கூட்டினார்கள். கூட்டியதால் வலிப்பு கூடியது. செக்குமாட்டுக்காவது கடைசியில் எண்ணெய் வருகிறது.

2008இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனச்சிதைவு போன்ற நோய் எதுவும் இல்லாத, ஆனால் அடிக்கிற குணம் உள்ள, அறிவுசார் குறைபாடுடைய 86 பேர். ஒரு பிரிவுக்கு ரிஸ்பெரிடோன், ஒரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்கு வாரத்தில் மூன்று பிரிவிலும் கோபம் குறைந்தது. அதிகம் குறைந்தது எதில்? வெற்று மாத்திரையில், 79 சதவீதம். ஒரு மாத காலம் யாரோ வந்து பார்த்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். அதிலேயே பாதி கோபம் இறங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் அந்த வெற்று மாத்திரை ஸ்டாக் இல்லை.

இந்தக் கூத்துக்கு நடுவே ஒரே ஒரு மனுஷியைச் சந்தித்தோம். மருத்துவமனையின் ஒரு மூலையில், ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்த உளவியல் படித்த பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தம்பியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, அவனிடமே "என்னண்ணே, என்ன பண்ணுது?" என்று கேட்டாள். அவன் "பஸ்ஸு" என்றான். என்னிடம் சொன்னாள்: "அக்கா, ஒரு நோட்டு வாங்குங்க. மூணு பத்தி போடுங்க. முன்னால என்ன நடந்துச்சு, அவர் என்ன செஞ்சாரு, பின்னால நீங்கள்லாம் என்ன செஞ்சீங்க. ஒரு மாசம் எழுதுங்க. பேச வராதவங்களுக்கு அடிக்கிறதும் ஒரு பேச்சுதான்."

எண்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பதினொரு நாளும் முதல் பத்தியில் நான் எழுதியிருப்பது ஒரே சொல்தான்: 'ஒன்றுமில்லை.' முன்னால்: ஒன்றுமில்லை. நடத்தை: தட்டை எறிந்தான். முன்னால்: ஒன்றுமில்லை. நடத்தை: தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தான். முன்னால்: ஒன்றுமில்லை. நடத்தை: சோற்றை வலது பக்கமாகவே அதக்கி வைத்துக்கொண்டு துப்பினான். என் கையெழுத்து அழகு. அந்தப் பக்கங்களை இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் நோட்டால் என் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அப்படி அறைந்தால் எனக்கும் ஒரு ஃபைல் திறப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டில் நடந்ததை எழுத மூன்று பக்கம் பிடித்தது. மருந்து வாங்கித் திரும்பும்போது, டீக்கடை பெஞ்சுக்கும் இலவசக் கழிப்பறைக்கும் நடுவில் அவனுக்கு வலிப்பு வந்தது. நான் தலையைத் தாங்கிப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. வாயில் ஒன்றும் திணிக்காமல், கை காலை அமுக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். என்னை யார் விட்டார்கள்? ஒருவர் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருவர் கடையின் ஷட்டர் கம்பியையே பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒரு பெரியவர் வெங்காயத்தை நசுக்கினார். இரண்டு காலுக்கு இரண்டு பேர், இரண்டு கைக்கு இரண்டு பேர், நெஞ்சில் ஒருவர். ஒன்றரை நிமிடத்தில் வலிப்பு தானாக நின்றது. பெரும்பாலும் அது தானாகத்தான் நிற்கும். "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் அடங்கிருச்சு" என்றார் சாவிக்காரர்.

அவன் கண் திறந்தான். மேலே ஐந்து அந்நிய முகம். நெஞ்சில் ஒரு முழங்கால். உங்களுக்கு அப்படி விழித்துப் பழக்கம் உண்டா? அவன் ஒரு கையை விடுவித்து வீசினான். அது சாவிக்காரரின் மூக்கில் பட்டது. காப்பாற்ற வந்த அதே ஐந்து பேரும் காப்பாற்றுவதை விட்டுவிட்டு அவனை அடித்தார்கள். கைகூட மாறவில்லை, வேலைதான் மாறியது. போலீஸ்காரர் வந்து, "குடிச்சிருக்கானா?" என்றார். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டைக் காட்டினேன். 75 சதவீதம் என்று போட்டிருந்ததை இரண்டு முறை வாசித்தார். "அப்புறம் ஏம்மா வெளிய கூட்டிட்டு வர்றீங்க?"

அந்தச் சர்டிபிகேட்டில் வலிப்பு பற்றி ஒரு வரி கிடையாது. 2016 மாற்றுத்திறனாளி சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரிசையாக அடுக்குகிறது. அறிவுசார் குறைபாடு அதில் உண்டு, வலிப்பு தன் சொந்தப் பெயரில் இல்லை. பெயர் வைப்பதில் மட்டும் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. தம்பி மந்தபுத்தியாகப் பிறந்து, மனவளர்ச்சி குன்றியவனாகப் பள்ளிக்குப் போய், அறிவுசார் மாற்றுத்திறனாளியாக மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவி வாங்குகிறான். ஒவ்வொரு பெயர்மாற்றத்தின்போதும் எங்கள் ரேஷன் கடைக்காரர் அவனை ஒரே சொல்லால்தான் கூப்பிட்டார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

பஸ் ஸ்டாண்டு சேதி ஊருக்குப் பரவியதும் பெரியப்பா இன்னொரு யோசனையோடு வந்தார். "ஒரு இடம் இருக்கு. சோறு போட்டுப் பார்த்துக்குவாங்க. ராத்திரியில கொஞ்சம் கட்டிப் போடுவாங்க. மத்தபடி நல்ல இடம்."

கொஞ்சம். 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் காப்பகம் ஒன்றில் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களையும் 'கொஞ்சம்'தான் கட்டிப் போட்டிருந்தார்கள். சங்கிலியோடு 28 பேர் கரிந்து போனார்கள். அலறியிருப்பார்கள். அந்த அலறலும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு முதலில் வழக்கமான பிஹேவியர் பிராப்ளமாகத்தான் கேட்டிருக்குமோ என்று நான் பல ராத்திரி நினைத்ததுண்டு.

பிறகு நாடு பதறியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பதினாறு வருடம் பதறி முடித்து, 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ள எவரையும் எந்த வகையிலும் சங்கிலியில் பூட்டக் கூடாது என்கிறது. படித்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கங்களை முன்னால் புரட்டினால் 2ஆம் பிரிவில் மனநோய் என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு அதில் சேராது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். சேராதது மருத்துவப்படி நியாயம்தான், தம்பிக்கு இருப்பது மனநோய் அல்ல. ஆனால் சங்கிலி வைத்திருக்கும் ஆளிடம் இந்த நுணுக்கத்தை விளக்கப் போவது யார்? மனநோயாளியை அடக்கும் மாத்திரை அவனுக்கு உண்டு, மனநோயாளியைக் காக்கும் பிரிவு அவனுக்கு இல்லை. சட்டத்தையும் மருந்துச்சீட்டையும் எழுதியவர்கள் ஒரு முறையாவது சேர்ந்து டீ குடித்திருக்கலாம். 1912இல் வெள்ளைக்காரன் பைத்தியச் சட்டம் போட்டான். அதே 1912இல்தான் ஃபீனோபார்பிட்டோன் வலிப்பை அடக்கும் என்று ஜெர்மனியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். பூட்டும் மாத்திரையும் அப்போதே ஒரே வருடத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்து சவரம் செய்கிறவர் வந்தார். இருபது வருடமாக வருகிறவர். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் பிரஷ் பட்டதும் தம்பி அவர் கையைத் தட்டிவிட்டான். கிண்ணம் உருண்டது. அவர் கோபப்படவில்லை. கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, புறங்கையை அவன் தாடையோரம் லேசாக வைத்துப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"அக்கா, கன்னம் கொதிக்குது. வாய் நாத்தம் குடலைப் புடுங்குது. தம்பிக்குக் கடவாப் பல்லுல சீழ் கட்டியிருக்கு. எத்தனை நாளா இப்படி?"

ஏழு வாரமாக. சின்ன வயதிலிருந்து இருபது வருடம் தின்ற ஃபெனிட்டாய்ன், ஈற்றைத் தடிக்க வைத்துப் பல்லைப் பாதி மூடியிருந்தது. அது அந்த மருந்தின் பிரசித்தி பெற்ற குணம். ஈற்றுக்கு அடியில் பல் சொத்தையாகி, சீழ் பிடித்து, ராத்திரியெல்லாம் தெறித்திருக்கிறது. கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்தது குளிர்ச்சிக்கு. அறைந்துகொண்டது, வலி இருந்த இடத்தைக் காட்ட. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படித்தான் விரல் நீட்டிச் சொல்வான்? பட்டம் பெற்ற மூன்று பேர் கண்ணில் படாதது சவரக் கத்தி பிடித்தவரின் புறங்கைக்குத் தெரிந்தது. அவர் சாதிக்கு ஒரு காலத்தில் மருத்துவர் என்றே பெயர். பெயரை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், புறங்கையை வைத்துப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். அவருக்கு அன்று கொடுத்த கூலி நூறு ரூபாய். சில்லறை இல்லை என்று இருபதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

பல்லைப் பிடுங்குவது தனிப் புராணம். முதல் பல் டாக்டர், "ஃபிட்ஸ் பேஷன்டா? சேர்லயே வந்துட்டா யார் பொறுப்பு?" என்று நரம்பு டாக்டரிடம் கடிதம் கேட்டார். நரம்பு டாக்டர், ஆள் முரடன் என்பதால் மனநல டாக்டரிடம் கடிதம் வாங்கச் சொன்னார். மனநல டாக்டர், பல் என்பதால் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த பையன் ஒருவன், மயக்க மருந்து டாக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, இருபது நிமிடத்தில் பிடுங்கினான். பிடுங்கிய பல்லைக் கழுவி, பஞ்சில் சுற்றித் தம்பியின் கையிலேயே கொடுத்தான்.

அன்றைக்கு ராத்திரி அவன் எட்டு மணி நேரம் தூங்கினான். மூன்றாம் நாள் திண்ணைக்குப் போய் பஸ்ஸுக்குக் கை காட்டினான். நோட்டின் இரண்டாம் பத்தியில் எழுத எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் தேதியை மட்டும் எழுதினேன். நோட்டைக் காட்டலாம் என்று அந்தப் பெண்ணைத் தேடிப் போனால், ஒப்பந்தம் முடிந்து அனுப்பிவிட்டார்களாம். அவள் உட்கார்ந்த மூலையில் ஒரு பழுதான பிரிண்டர் இருந்தது.

மனநல டாக்டரிடம் போய், இனி அந்த மாத்திரை வேண்டாமே சார் என்றேன். பல் விஷயத்தைச் சொன்னேன். ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இப்ப அடிக்கிறானா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா, மருந்து புடிச்சிருச்சு. நிறுத்தக் கூடாது. தொடருங்க."

தம்பி அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தவன், சட்டைப் பையிலிருந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அந்தப் பல்லை டாக்டரின் மேஜையில், ஃபைலின் மேல் வைத்தான். "தா" என்றான். அவன் அகராதியில் அதற்கு 'இந்தா' என்றும் பொருள்.

டாக்டர் பேனா நுனியால் அதைத் தள்ளிவிட்டார். "என்ன கருமம் இது, இதையெல்லாம் சேத்து வெக்கிறானா? எத்தனை நாளா?"

நான் பதில் சொல்வதற்குள் ஃபைலில் எழுதி அடிக்கோடு போட்டுவிட்டார். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வந்தது. 'தேவையற்ற பொருட்களைச் சேகரிக்கும் பழக்கம். புதிது.' ராத்திரி மாத்திரையில் அரை கூடியது.